கோலிக் தடுப்பு பால் பாட்டில்: மாசக்கணக்கில் புழங்கிய அனுபவம்

தனியார் வேலை, லீவு குறைவு. இரண்டாம் மாதத்திலிருந்தே பகலில் எடுத்து வைத்த தாய்ப்பாலை எங்கள் ஆத்தாதான் பேத்திக்குப் புகட்டினார்கள். அதற்காக வாங்கியது உள்ளே குழாய் வைத்த கோலிக் தடுப்பு பாட்டில். கோலிக் என்றால் கைப்பிள்ளை காரணம் தெரியாமல் நெடுநேரம் வீறிட்டு அழுவது. அவள் டம்ளருக்குப் பழகும் வரை இதையேதான் புழங்கினோம். நல்ல பாட்டில். ஆனால் அதன் சூட்சுமம் தெரியாவிட்டால் ஒழுகும். ஒழுகுகிறதே என்று தூக்கிப் போட்டவர்கள் காரைக்குடியில் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

சாதாரண பாட்டிலில் பால் குறையக் குறைய உள்ளே அழுத்தம் குறைந்து நிப்பிள் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். பிள்ளை வாயை எடுத்து மறுபடி கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். இதில் வெளிக்காற்று மூடியின் மரை வழியாக நுழைந்து, குழாயில் இறங்கி, பாட்டிலின் அடிப்பக்கம் போய்விடுகிறது. பிள்ளை நிறுத்தாமல் குடிக்கலாம்.

ஒழுகலுக்கு வருவோம். பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்கு மேல் பால் ஊற்றினால் குழாயில் ஏறி மரையில் கசியும். குழாயோடு சேர்த்துச் சுட வைத்தாலும் அப்படித்தான்: சூட்டில் விரிகிற காற்று பாலை மேலே தள்ளும். குழாயை வெளியே எடுத்து, வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை வைத்துப் பதமாக்கி, பிறகு குழாயைப் போட வேண்டும். பவுடர் பால் கொடுப்பவர்களும் குழாய் இல்லாமல் கலக்கட்டும். கட்டி போய் அடைத்தால் எடுப்பது பெரும்பாடு. ஒழுகுகிறது என்று மூடியை இன்னும் இறுக்கக் கூடாது. காற்று வரும் வழியே மூடிக்கொண்டு நிப்பிள் மறுபடி ஒட்டும். கைக்கு இறுகியதும் விட்டுவிடுங்கள்.

கழுவுவதுதான் உண்மையான வேலை. குழாய்க்குள் காய்ந்த பால் ஆடை மெல்லிய மஞ்சள் வளையமாகப் படிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் கண்ணில் படும். கூடவே வரும் குட்டிப் பிரஷ்ஷை இரண்டு பக்கமும் விட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. கொதிக்க வைக்கக் கொதிக்க வைக்க வெள்ளையாகப் பொரிந்தது. வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்து, கழுவி, நல்ல தண்ணீரில் கொதிக்க வைத்ததும் போய்விட்டது. வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், வெயில் நன்றாக விழும்தான், ஆனால் தூசியும் விழும். அதனால் வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டுக்குள் சுத்தமான துணி விரித்துக் காய வைத்தோம்.

நிப்பிளின் வேகத்தைக் கவனியுங்கள். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். கம்பியாக ஒழுகினால் பிள்ளை திணறி, மடக் மடக்கென்று காற்றோடு விழுங்கும். எந்தக் குழாயும் அதைத் தடுக்காது.

“சங்குல குடுத்தே உங்களை வளத்தோம்” என்பார்கள் ஆத்தா. நியாயம்தான். குறைமாதப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிகளிலேயே பாலாடைதான், சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். தாய்ப்பாலைக் காக்கவே பால் பாட்டிலுக்கு விளம்பரம் கூடாது என்று 1992லேயே சட்டம் வந்தது. நேரமும் ஆளும் இருப்பவர்களுக்கு நானும் பாலாடையைத்தான் சொல்வேன்.

கோலிக் நின்றதா? ஏப்பம் சீக்கிரம் வந்தது, கக்குவது குறைந்தது. சாயங்கால அழுகை இதனால்தான் அடங்கியது என்று சொல்ல மாட்டேன். அது ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்குகிற அழுகை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கும் வரும். காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் பாட்டிலை ஆராயாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

செக்காலை ரோட்டில் பாட்டில் கிடைத்தது, உள்குழாய் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வரவழைத்தோம். பாட்டில் வாங்கும்போதே குழாயும் பிரஷ்ஷும் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.