பழைய ரேஸிங் சைக்கிளுக்குச் சாமான் மாற்ற: திருகோணமலையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு திருத்தகம்

நாலு மாதமாக இந்தக் கடைக்குப் போய் வருகிறேன். ஒரு தடவை போன சூட்டில் எழுதுவது இல்லை இது. பழைய ரேஸிங் சைக்கிள் வாங்கிவிட்டு, எந்தச் சாமான் எதற்குப் பொருந்தும் என்று தெரியாமல் காசைக் கரைக்கிறவர்கள் நம்ம ஊரில் பலர் இருக்கிறார்கள், நானும் அப்படித்தான் கரைத்தேன், அதனால் எழுதுகிறேன்.

இடம் அனுராதபுரச் சந்தியில் இருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கை. தகரக் கூரை போட்ட சின்னத் திருத்தகம், பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எப்போதும் ஒரு பழைய லுமாலா கவிழ்த்து வைத்திருக்கும், உள்ளே நானா (முஸ்லிம் அண்ணனை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) இருப்பார். பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், கையில் இருக்கிற வேலையே முடிக்க முடியவில்லையாம். சந்தியில் நின்று "ரேஸிங் சைக்கிள் திருத்துற நானா" என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

முதலில் என் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன தை மாதம், ஜப்பானில் ஓடி இங்கே வந்த ஒரு சைக்கிளை 68,000 ரூபாவுக்கு வாங்கினேன். விற்றவர் "105 செற், ஒன்பது கியர், 2012 மாடல்" என்றார். 105 என்பது ஷிமானோ என்ற ஜப்பான் கம்பனி செய்யும் ஒரு கியர், பிறேக் செற்றின் பெயர். கியர் லீவரில் ஷிமானோ என்று இருந்தது, அது போதும் என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை நிலாவெளிக்கு ஓடிப் பார்த்தேன். ஆறாம் கட்டை தாண்டுவதற்குள் செயின் வழுக்கத் தொடங்கிவிட்டது, அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் காலுக்குக் கீழே டக் டக் என்று ஒரு சத்தம், சீற் வேறு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. திரும்பி வரும்போது பாதித் தூரம் நின்றுகொண்டே மிதித்தேன்.

அப்புறம் ரயர். பின் ரயர் வெடித்துப்போய் இருந்ததால் டவுனில் ஒரு கடையில் "28 ரயர் ஒன்று தாங்க" என்று கேட்டேன், அவரும் 28 என்று எழுதிய ரயரையே எடுத்துத் தந்தார். வீட்டில் வந்து போட்டால் றிம்மில் தொளதொள என்று நிற்கிறது, காற்றடித்தால் ஒரு பக்கம் வெளியே பிதுங்குகிறது. அவர் தந்தது நம்ம அப்பாமார் ஓடிய பெரிய சைக்கிளின் 28×1½ ரயர். எனக்குத் தேவைப்பட்டது 700×28. இரண்டிலும் 28 இருக்கிறது, ஆனால் ஒன்றில் அது சில்லின் அங்குலம், மற்றதில் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். இதை எனக்கு விளங்கப்படுத்தியதும் நானாதான். ரயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 28-622 என்பது போல இரண்டு எண் இருக்கும், அதில் இரண்டாவது எண்ணை மட்டும் பார் என்றார். அது றிம்மில் ரயர் உட்காரும் வட்டத்தின் விட்டம். ரேஸிங் சைக்கிளுக்கு 622, பெரிய சைக்கிளுக்கு 635, பழைய 27 அங்குலத்துக்கு 630, ஜப்பான் லேடீஸ் சைக்கிளில் வரும் 26×1⅜க்கு 590. இந்த எண் ஒத்துப்போகாவிட்டால் எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். வெடித்த ரயரைக் கையோடு கொண்டுபோயிருந்தால் எனக்கு அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

சரி, கடைக்கு வருகிறேன். முதல் நாள் அவர் சாவியைத் தொடவே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்தார், மண்ணெண்ணெய் நனைத்த துணியை எடுத்தார், செயினை ஒரு பற்சில்லில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் டெரெய்லரின் உள்பக்கத்தை, அதாவது கம்பிகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பக்கத்தை, மூன்று நாலு தடவை அழுத்தித் துடைத்தார். கறுத்த கிறீஸ் வழிந்து போக, அலுமினியத்தில் பதிந்த எழுத்து மெதுவாக மேலே வந்தது: ஆர்டி-3300. அதற்குப் பக்கத்தில் தனியாக இரண்டு எழுத்து, பி, ஈ.

"இது 105 இல்ல தம்பி. சோரா. எட்டுக் கியர்" என்றார். விற்றவர் ஒன்பது என்றாரே என்றேன். "எண்ணிப் பாருங்களேன்" என்றார். எண்ணினேன், எட்டுப் பற்சில்லுதான். இரண்டு மாதமாக வீட்டில் வைத்திருந்தும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஷிமானோ தன் சாமான் எல்லாவற்றிலும் இப்படி ஒரு நம்பர் பதிக்கிறது. ஆர்டி என்றால் பின் டெரெய்லர், எஃப்டி முன் டெரெய்லர், எஸ்டி பிறேக்கோடு சேர்ந்த கியர் லீவர், எஃப்சி கிராங், பிஆர் பிறேக். பின்னால் வரும் எண்தான் அது எந்த செற் என்று சொல்லும். 3300 சோரா, எட்டுக் கியர். 4400 டியாக்ரா, 5500 பழைய 105, இவை இரண்டும் ஒன்பது. 5600 என்றால் 105தான், ஆனால் பத்துக் கியர். அந்த இரண்டு எழுத்தும் செய்த காலம். முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். 1976க்கு ஏ என்று தொடங்கி 2001க்கு இசட் வரை போய், 2002இல் திரும்பவும் ஏ. அப்படிப் பார்த்தால் பி 2003, ஈ ஐந்தாம் மாதம். 1977க்கும் பி தான், ஆனால் அந்தக் காலத்தில் சோராவும் இல்லை, எட்டுக் கியரும் இல்லை. ஆக 2003 மே மாதம் செய்த டெரெய்லர், 2012 இல்லை. விற்றவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வருடம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எட்டா ஒன்பதா என்பதுதான் விஷயம். எட்டுக் கியர் கசெட்டில், அதாவது பின் சில்லில் போடும் பற்சில்லுத் தொகுதியில், பற்சில்லுக்குப் பற்சில்லு 4.8 மில்லிமீற்றர் இடைவெளி, ஒன்பதில் ஏறக்குறைய 4.34. லீவர் எட்டுக்குச் செய்ததாக இருந்து கசெட் ஒன்பதாக இருந்தால், ஒவ்வொரு கிளிக்கிலும் செயின் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய் விழும், எவ்வளவு ரியூன் பண்ணினாலும் சரிவராது. அன்றைக்கு இரவு நான் கொழும்பில் ஒரு ஒன்பது கியர் கசெட்டுக்கும் செயினுக்கும் ஓடர் போட இருந்தேன். அவர் துணியால் துடைத்த அந்த இரண்டு நிமிடம் எனக்குப் பல ஆயிரம் ரூபாவைக் காப்பாற்றியது. இதற்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை.

செயினை அளந்தது ஒரு சாதாரண இரும்பு அடிமட்டத்தால். ஒரு பின்னின் நடுவில் சுழியம் வைத்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். அரைக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/16 தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். என்னுடையது 1/8ஐயும் தாண்டியிருந்தது. அந்த அளவுக்குப் போனால் பற்சில்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயினை மட்டும் போட்டால் அது பழைய பல்லில் ஏறி வழுக்கும், ஆகவே இரண்டும் வேண்டும் என்றார். விற்பனைக்காகச் சொல்கிறாரோ என்று அப்போது ஒரு சந்தேகம் வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. ஆனால் அவரிடம் அந்தக் கசெட் இருக்கவே இல்லை, கொழும்பில் எங்கே கேட்கலாம் என்று சொல்லி என்னையே எடுக்கச் சொன்னார். 32 பல் உள்ளதை எடுத்தால் ஏற்றத்துக்குச் சுகமாக இருக்குமே என்று கேட்டேன். இந்த டெரெய்லர் அதைத் தாங்காது, மேல் உருளை பெரிய பற்சில்லில் இடிக்கும், 12-25 (சின்னதில் 12 பல், பெரியதில் 25) எடு என்றார். திருகோணமலையில் உவர்மலையையும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையையும் விட்டால் ஏற்றம் எங்கே இருக்கிறது, 25 தாராளம்.

பின்னால் இருப்பது கசெட்டா (ஹப்பில் செருகி ஒரு வளையத்தால் இறுக்குவது) ஃபிரீவீலா (ஹப்பிலேயே திருகுவது) என்று பார்க்கும் வழியையும் அன்றைக்கே காட்டினார். பற்சில்லைப் பின்பக்கமாகச் சுழற்றும்போது, கழற்றும் சாவி நுழைகிற அந்த நடு வளையமும் பல்லோடு சேர்ந்து சுற்றினால் கசெட். பல் மட்டும் சுற்றி நடு சும்மா நின்றால் ஃபிரீவீல். எந்தக் கழற்றி வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது.

இனி அந்த டக் டக் சத்தம். அது வந்தது இரண்டு பக்கக் கிராங்கையும் சேர்க்கும் அச்சில் இருந்து, கடைக்காரர்கள் பி.பி. என்பார்கள். அவர் கிராங்கைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டு, அச்சை ஃபிரேமில் பிடித்து வைக்கும் வலதுபக்கக் கப்பைக் காட்டினார். அதன் விளிம்பில் ஏழெட்டு இடத்தில் உளி வைத்து அடித்த காயம், எல்லாம் ஒரே திசையில். "பாருங்க தம்பி, இத எவனோ கழட்டுறேன் எண்டு இன்னும் இறுக்கி வச்சிருக்கான்." சாதாரணப் புரியாணியாக நினைத்து இடப்பக்கமாகத் திருப்பி அடித்திருக்கிறார்கள். ஆனால் இந்த வகையில் வலதுபக்கக் கப்புக்குப் புரி மாறி இருக்கும், கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழரும். கழற்றுவதற்கு முன் ஃபிரேமில் அச்சு உட்காரும் குழாயின் அகலத்தை வேர்னியரால் அளந்தார், 68 மில்லிமீற்றர். இத்தாலிப் புரி என்றால் 70 வரும், அதில் இரண்டு பக்கமும் சாதாரணப் புரி, ஒரே மாதிரித்தான் கழற்ற வேண்டும். அளக்காமல் கை வைக்கிறவர் இந்த இடத்தில்தான் ஃபிரேமைக் கெடுப்பார். ஃபிரேமில் புரி போனால் அப்புறம் அந்தச் சைக்கிளை நினைக்கவே வேண்டாம்.

அன்றைக்கு அவர் அடிக்கவில்லை. துருவுக்கு விடும் ஒயிலை விட்டு, இரண்டு நாள் அப்படியே வைத்தார். மூன்றாம் நாள் கழற்றியைப் போட்டு, அது நழுவாமல் இருக்க ஒரு போல்ற்றாலும் வாஷராலும் அதை அச்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, நீளக் குழாய் மாட்டிய சாவியால் மெல்ல அழுத்தினார். ஒரு முறுகல் சத்தம், பிறகு சிவப்புத் துருத்தூள் கொட்ட அது திரும்பியது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், என்னைவிட அவருக்குத்தான் சந்தோசம். உள்ளே இருந்த அச்சின் நீளம் 113 மில்லிமீற்றர். அதே நீளம்தான் போட வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் முன் பற்சில்லு உள்ளேயோ வெளியேயோ தள்ளி, செயின் சாய்ந்து ஓடும் என்று புதுசையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டுத்தான் போட்டார்.

சீற் இறங்கிய காரணம் சின்னது. சீற் தண்டின் அடியில் 26.8 என்று பதித்திருந்தது, ஃபிரேமின் உள்விட்டம் 27.2. யாரோ சோடா ரின்னை வெட்டிச் சுற்றிச் செருகியிருந்தார்கள். 27.2 தண்டு ஒன்று வாங்கிக் கிறீஸ் பூசிப் போட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. நம்ம கடல் காற்றுக்கு இரும்பு ஃபிரேமில் அலுமினியத் தண்டைக் கிறீஸ் இல்லாமல் விட்டால் இரண்டும் பிடித்துக்கொள்ளும், வருடத்துக்கு இரண்டு தடவையாவது உருவிப் பூசுங்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. டெரெய்லர் தொங்கும் கொக்கி உள்பக்கம் வளைந்திருந்தது. அதை நேராக்க ஒரு கருவி இருக்கிறது, அது அவரிடம் இல்லை. ஒரு பழைய பின் சில்லை எடுத்து, அதன் அச்சின் புரியை அந்தக் கொக்கி ஓட்டைக்குள் திருகினார். இரண்டுக்கும் ஒரே புரி, பத்து மில்லிமீற்றர். இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சில்லு. இரண்டு றிம்முக்கும் இடையில் மேலே, கீழே, முன்னே, பின்னே என்று இடைவெளியை அளந்து, நாலு இடமும் ஒத்து வரும்வரை சில்லைப் பிடித்து மெல்ல வளைத்தார். அலுமினிய ஃபிரேமுக்கு இப்படிச் செய்ய யோசிப்பாராம், முறிந்துவிடும். என்னுடையது இரும்பு.

மொத்தச் செலவு: சாமானுக்கு 21,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல், அவருடைய கூலி 4,500. பல நாள் இழுத்த வேலைக்கு இது குறைவு என்றுதான் நான் சொல்வேன்.

குறைகளும் இருக்கின்றன. நாள் சொன்னால் அந்த நாளில் முடியாது, எனக்கு வியாழன் என்றது அடுத்த செவ்வாய் ஆனது. போன் எடுக்க மாட்டார். பில் இல்லை, காட் இல்லை, காசுதான். எண்ணெய் பிறேக் உள்ள சைக்கிளையும் காபன் ஃபிரேமையும் தொட மாட்டார், அவசரப்பட்டுக் கொண்டுபோக வேண்டாம். ஹாண்டிலுக்குச் சுற்றும் ரேப்பை அவர் சுற்றிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, வளைவில் மடிப்பு விழுந்துவிட்டது, வீட்டில் கழற்றி நானே திரும்பச் சுற்றினேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன் பூட்டினால் மூன்று மணிக்குப் பிறகுதான் திறப்பார்.

போகும்போது பழைய சாமான் எதையும் வீசாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், உடைந்ததாக இருந்தாலும். அதில் பதிந்திருக்கும் நம்பரைத்தான் அவர் முதலில் கேட்பார். சைக்கிளைக் கழுவிவிட்டுப் போவது இன்னும் நல்லது.

போன ஞாயிறு திரும்பவும் நிலாவெளிக்குப் போனேன், இறக்கக்கண்டிப் பாலம் வரை ஓடிவிட்டுத் திரும்பினேன். காலுக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை. முன் சில்லில் மட்டும் லேசாக ஓர் ஆட்டம் தெரிகிறது, அச்சில் குண்டுகள் உருளும் கோன் தேய்ந்திருக்கலாம். புதன்கிழமை கொண்டுபோய்க் காட்டப் போகிறேன்.