பொம்மை வீடு கட்டுறது: வருஷம் போனப்புறம் எந்த டெக்னிக் நிக்குது, எது நிக்கல

மினியேச்சர் பொம்மை வீடு பத்தி யார் சொன்னாலும் பெரும்பாலும் வீடு முடிஞ்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னுதான் சொல்றாங்க, அன்னிக்கு எல்லாமே அழகாத்தான் இருக்கும். நான் எழுதுறது அலமாரில வெச்சு, வருஷக்கணக்கா தூசி தட்டி, லைட் போட்டு அணைச்சு, வெயில் காலம் மழைக் காலம் எல்லாம் பாத்தப்புறம் கத்துக்கிட்ட டெக்னிக்ல எது நின்னுச்சுங்கிறது. இந்த ஹாபில இருக்கவங்களுக்கு இதுதான் உண்மையா வேணும்னு நினைக்கிறேன், ஏன்னா ஒரு வீட்டுக்கு மாசக்கணக்குல உழைக்கிறோம், அது ரெண்டு வருஷத்துல மஞ்சளாகி சுருண்டு போனா மனசு விட்டுப்போயிடும்.

மொதல்ல நான் கத்துக்கிற முறைய சொல்லிடுறேன். ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு புது டெக்னிக். மத்ததெல்லாம் ஏற்கனவே கை பழகினது. ஒரு வீட்ல லைட்டிங், அடுத்ததுல ஓவன்ல வேக வெக்கிற பாலிமர் க்ளே, அதுக்கடுத்ததுல செங்கல் சுவர், இப்படி. நாலு புது விஷயத்தை ஒரே வீட்ல போட்டா ஏதாவது சரியா வரலைன்னா எதனாலன்னு கண்டுபிடிக்கவே முடியாது, பசையா பெயின்டா மரமான்னு முழிச்சுக்கிட்டு இருக்கணும்.

டெக்னிக்னு சொன்னா எல்லாரும் ரெசின், க்ளேன்னு போயிடுறாங்க, எனக்கு அதிகமா பலன் குடுத்தது அளவு கணக்குதான். 1:12னா நிஜத்துல ஒரு அடி இங்க ஒரு இன்ச், 1:24னா அரை இன்ச், 1:48னா கால் இன்ச். 1921லேர்ந்து 1924க்குள்ள கட்டின, இப்ப விண்ட்சர் கோட்டைல இருக்கிற குயின் மேரியோட பொம்மை வீடும் 1:12தான், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்ல இருக்கிற 68 தார்ன் ரூம்களும் (மினியேச்சர் ரூம் மாடல்கள்) அதே அளவுதான். அதனால 1:12ல கத்துக்கிட்டா பாத்துப் படிக்க நிறைய நல்ல வேலை கண்ணு முன்னாடி இருக்கு. நான் எந்த சாமானும் செய்றதுக்கு முன்னாடி டேப் எடுத்து நிஜ சாமானை அளந்துடுவேன். நாற்காலி உக்கார்ற இடம் தரைலேர்ந்து 45 செமீ, 1:12ல 3.75. மேசை 75 செமீ, 6.25 ஆகும். கதவு 2 மீட்டர், கிட்டத்தட்ட 17 செமீ. இந்த மூணும் சரியா இருந்தாலே ரூம் நிஜமா தெரியும், ஒண்ணு தப்பினாலும் எவ்ளோ அழகா பெயின்ட் அடிச்சாலும் பொம்மை சாமான் மாதிரியே இருக்கும்.

இந்த கணக்கு எங்க ரொம்ப உதவுச்சுன்னா மாடிப்படில. நிஜத்துல ஒரு படி உயரம் சுமார் 18 செமீ, காலு வைக்கிற அகலம் சுமார் 25 செமீ, அதாவது 1:12ல 1.5 செமீ உயரம், 2.1 செமீ அகலம். ஒரு மாடிலேர்ந்து அடுத்த மாடிக்கு 22.5 செமீ ஏறணும்னா 15 ஏத்தம், நடுவுல 14 படி, நீளம் மட்டும் கிட்டத்தட்ட 30 செமீ போயிடுது, ரூமோட அகலமே பல வீட்ல அவ்ளோதான். கடைல வாங்குற பொம்மை வீட்டு கிட்ல வர்ற படி ஏன் ஏணி மாதிரி செங்குத்தா இருக்குன்னு இந்த கணக்கு போட்டப்பதான் புரிஞ்சுது, அவங்களுக்கு இடம் இல்ல. நான் நடுவுல ஒரு லேண்டிங் வெச்சு திருப்பி விடுறேன், நீளத்துல கிட்டத்தட்ட பாதி மிச்சம் ஆகுது, பாக்கவும் ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்ச உணர்வு வருது. படி டிசைனை அட்டைல வெட்டி வெச்சு பாத்துட்டுத்தான் மரத்தைத் தொடுவேன்.

வெட்டுறதைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. இரும்பு ஸ்கேல், புது பிளேடு, ஒரே அழுத்துல வெட்டாம லேசா பல தடவை இழுக்கிறது, ஃப்ரேமுக்கு 45 டிகிரி வெட்ட மைட்டர் பாக்ஸ். மழுங்கின பிளேடுக்கு அதிகமா அழுத்தணும், அப்பதான் வழுக்கி விரலை வெட்டும். எம்டிஎஃப் (மர நாரை அமுக்கி செஞ்ச பலகை) தேய்க்கிறப்ப மாஸ்க் போடுங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பசை பத்தி நிறைய சொல்லணும், ஏன்னா வருஷம் போனா முதல்ல காட்டிக்குடுக்கிறது பசைதான். ஹாட் க்ளூ வேகம், உடனே பிடிச்சுக்கும், ஆனா திக்கா நிக்கிறதால மூலை சரியா மூடாது, சூடான இடத்துல வெச்சா இளகும், மழமழன்னு இருக்கிற பரப்புல கொஞ்ச நாள்ல தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுது. என்னோட பழைய வீடுகள்ல கழண்டு விழுந்ததெல்லாம் பெரும்பாலும் ஹாட் க்ளூல ஒட்டினதுதான், வெள்ளை பிவிஏ பசைல கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க விட்ட மர ஜாயின்ட் ஒண்ணுகூட அசையல. சூப்பர் க்ளூ உலோகம், சின்ன பீங்கான், பாசி மணி மாதிரி சாமானுக்கு ரொம்ப நல்லது, ஆனா ஜன்னல் பக்கமே கொண்டு போகக்கூடாது, அது காயும்போது வர்ற ஆவி தெளிவான பிளாஸ்டிக் ஷீட் மேல வெள்ளையா புகை மாதிரி படிஞ்சுடும், துடைச்சாலும் போகாது. ஜன்னலுக்கு காஞ்சா கண்ணாடி மாதிரி ஆகிற பிவிஏவை குண்டூசி முனையில தொட்டு வெச்சா போதும்.

பசையோட சேந்த இன்னொண்ணு, மரத்துக்கு கலர் குடுக்கிற வரிசை. ஐஸ்க்ரீம் குச்சி இல்ல வெனீர் பட்டைல தரை போடுறப்ப ஒட்டுறதுக்கு முன்னாடியே ஸ்டெயின் அடிச்சு காய வெச்சுடுங்க. பசை பட்ட இடத்துல ஸ்டெயின் ஏறாது, திட்டுத் திட்டா வெளுப்பா நிக்கும், அப்புறம் எவ்ளோ அடிச்சாலும் மறையாது. தண்ணி ஸ்டெயின்னா மரத்துல நார் எழும்பும், காஞ்சதும் 400 நம்பர் சாண்ட் பேப்பர்ல லேசா தேச்சுட்டு ரெண்டாவது கோட் போடணும். அப்புறம் மர வகை. ஓக் மாதிரி பெரிய துளை இருக்கிற மரம் நிஜ வீட்டுக்கு அழகு, சின்ன மேசைல அந்தத் துளை பள்ளம் மாதிரி தெரியும். பாஸ்வுட், செர்ரி, பேரிக்காய் மரம் மாதிரி நெருக்கமான நார் உள்ளதுதான் சின்ன அளவுக்கு நிஜமா தெரியுது. பால்சா வெட்ட சுகம், நகம் பட்டாலே பள்ளம் விழும், வெளிய தெரியாத இடத்துக்கு வெச்சுக்கலாம்.

வால்பேப்பர்ல நான் கத்துக்கிட்ட ஒரே டெக்னிக்தான் எல்லா வீட்லயும் இப்ப போடுறேன்: சுவர் மேல நேரா ஒட்டுறதே கிடையாது. சுவர் அளவுக்கு அட்டை வெட்டி, அதுமேல பேப்பர் ஒட்டி, புத்தகங்களுக்கு நடுவுல அமுக்கி காயவெச்சு, அந்த அட்டையை உள்ள செருகுறது. காகிதம் ஈரத்துல விரியும் காஞ்சா சுருங்கும், மெல்லிய சுவர்ல ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா அது சுவரையே இழுத்து வளைச்சுடும். அட்டையா இருந்தா வளைஞ்சாலும் தனியா எடுத்து சரி பண்ணலாம், பின்னாடி ஒயர் ஓட்டலாம், நாலு வருஷம் கழிச்சு வெளுத்துப்போனா வேற மாத்தலாம். வெளுக்கும், அது நிச்சயம், இங்க்ஜெட்ல பிரின்ட் எடுத்ததை ஜன்னல் வெளிச்சத்துல வெச்சா சீக்கிரமே வெளுக்கும். அதுல தண்ணி பசை பட்டா கலர் கரைஞ்சு ஓடவும் செய்யும், கலரைப் பிடிச்சு வெக்கிற ஃபிக்சேட்டிவ் ஸ்ப்ரே அடிச்சு காயவிட்டு ஒட்டணும், இல்லன்னா லேசர் பிரின்ட் எடுத்துக்கலாம்.

இப்ப லைட்டிங், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. கிட்ல பெரும்பாலும் ஒரு காயின் செல், அதுல நேரா ஒண்ணு ரெண்டு எல்இடி இருக்கும். சிஆர்2032 செல்ல மொத்தமே சுமார் 220 மில்லிஆம்ப்-அவர்தான், நாலஞ்சு பல்பு எரிய விட்டா சில மணி நேரத்துல மங்கிடும், அப்புறம் செல் மாத்தவே சலிச்சுப்போய் வீடு இருட்டாவே நிக்கும். 5 வோல்ட் யுஎஸ்பி சப்ளைக்கு மாறின பின்னாடி தினமும் சாயங்காலம் போடுறேன். ஒயரிங் கஷ்டம்னு பயப்பட வேண்டியதே இல்ல. வெள்ளை எல்இடிக்கு சுமார் 3 வோல்ட் வேணும், மீதி 2 வோல்ட்டை ரெசிஸ்டர் (கரண்ட்டைக் கட்டுப்படுத்துற சின்ன பாகம்) தாங்கணும், 10 மில்லிஆம்ப் ஓட விட்டா 2ஐ 0.01ஆல வகுத்தா 200 ஓம், கிடைக்கிறது 220, அதைப் போட்டுக்கலாம். சின்ன ரூமுக்கு அதுவே அதிகம், நான் 470 போட்டு இன்னும் மங்கலா வெச்சிருக்கேன், சாயங்கால வெளிச்சம் மாதிரி இருக்கு. முக்கியமா ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி ரெசிஸ்டர், எல்லாத்தையும் பேரலலா இணைக்கணும், அதாவது ஒவ்வொண்ணும் தனியா சப்ளைல சேரணும். எல்லாத்துக்கும் பொதுவா ஒரே ரெசிஸ்டர் போட்டு நடுவுல அடுப்பு கங்குக்காக ஒரு சிவப்பு எல்இடி சேத்தா, சிவப்புக்கு 2 வோல்ட்டே போதுங்கிறதால கரண்ட் பூரா அதுவழியா போயிடும், வெள்ளை பல்பு எரியாது. கலர் டெம்பரேச்சர் 2700லேர்ந்து 3000 கெல்வின் வார்ம் ஒயிட் எடுங்க, நீல வெள்ளைல நல்லா பண்ணின ரூம்கூட ஆஸ்பத்திரி மாதிரி ஆகிடும். எனாமல் பூசின மெல்லிய ஒயர்னா நுனியை சுரண்டிட்டு சால்டர் பண்ணணும், சுரண்டாம பண்ணினா ஒட்டின மாதிரி இருக்கும் ஆனா கரண்ட் போகாது. ஒவ்வொரு பல்பையும் சுவர் மூடுறதுக்கு முன்னாடி எரிய வெச்சுப் பாருங்க.

எல்இடி ஏன் நல்லதுங்கிறதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. பிரான்சஸ் க்ளெஸ்னர் லீ 1940கள்ல குற்ற விசாரணை பயிற்சிக்காக 1:12ல செஞ்ச நட்ஷெல் ஸ்டடீஸ் மாடல்களை 2017ல வாஷிங்டன் ரென்விக் கேலரில கண்காட்சிக்கு வெச்சப்ப, பழைய குண்டு பல்பு சூட்டுல உள்ள இருக்கிற பொருளெல்லாம் கெடுதுன்னு எல்இடிக்கு மாத்தினாங்க. அந்தம்மா உள்ள இருக்கிற பொம்மைக்கு ஸ்டாக்கிங்ஸை குண்டூசி வெச்சு கையால பின்னியிருக்காங்க, அந்தப் பொறுமையை நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு.

ரெசின், க்ளே. யுவி லைட் பட்டா கெட்டியாகிற யுவி ரெசின்ல தண்ணி, டீ, ஜாம் பாட்டில் எல்லாம் நிமிஷத்துல வந்துடும், அதனால எல்லாருக்கும் பிடிக்கும், ஆனா நீண்ட நாள் பார்வைல எனக்கு அதுமேல நம்பிக்கை குறைவு. மெல்லிய லேயரா போட்டு ஒவ்வொண்ணா கடினமாக்கினதே நாளாக நாளாக மஞ்சள் தட்டுது, திக்கா ஒரேயடியா ஊத்தினா உள்ள வேகாம பிசுபிசுன்னு நிக்கும். டீ, எண்ணெய் மாதிரி ஏற்கனவே நிறம் இருக்கிறதுக்கு தைரியமா பயன்படுத்தலாம், தெளிஞ்ச தண்ணிக்கு வேணாம். கைல நைட்ரைல் க்ளவுஸ் இல்லாம தொடாதீங்க, தோல்ல ஒவ்வாமை வந்தா அப்புறம் எப்பவுமே ரெசின் பக்கம் போக முடியாது.

பாலிமர் க்ளே அதுக்கு நேர் எதிர், சரியா வேக வெச்சா வருஷக்கணக்குல அப்படியே இருக்கு. பாக்கெட்ல போட்ட சூட்டை, பெரும்பாலும் 130 டிகிரி செல்சியஸ் பக்கம், ஓவன் தெர்மாமீட்டர் வெச்சு சரிபாருங்க, ஓவன் காட்டுற நம்பர் பல நேரம் உண்மை இல்ல. குறைவா வெந்தது பாக்க நல்லா இருக்கும், கீழ விழுந்தா பிஸ்கட் மாதிரி உடையும். இன்னொரு விஷயம், சில ஸ்ப்ரே வார்னிஷ் அடிச்ச க்ளே சாமான் மாசக்கணக்கு கழிச்சு ஒட்ட ஆரம்பிக்கும், தூசி எல்லாம் பிடிச்சுக்கும், கழுவவும் முடியாது. தண்ணி பேஸ் அக்ரிலிக் வார்னிஷ் அடிச்சதுல அப்படி வரல. வேகாத க்ளேயை பிளாஸ்டிக் டப்பாலயும் வெக்காதீங்க, சில பிளாஸ்டிக்கை அது இளக்கிடும்.

துணி வேலைல ஒரே ஒரு டெக்னிக் போதும். சின்ன துணிக்கு எடை இல்ல, அதனால திரை கீழ தொங்காம விறைச்சு நிக்கும். மெல்லிய காட்டன் இல்ல பட்டு எடுத்து, தண்ணி கலந்த பிவிஏல நனைச்சு, பிளாஸ்டிக் கவர் சுத்தின ஃபோம் பலகைல மடிப்பு மடிப்பா குண்டூசி குத்தி காய விட்டா அப்படியே விழுந்த மாதிரி நிக்கும். ஹேர் ஸ்ப்ரேயும் பலர் சொல்றாங்க, அது தூசியை இழுக்குது, நான் விட்டுட்டேன்.

கடைசியா கீல். பித்தளை மினி கீல் அழகு, ஆனா அதோட ஆணி மெல்லிய மரத்துல நிக்காது, நாலஞ்சு தடவை திறந்தா லூசாகும். பின் கீல்தான் இப்ப எல்லா கதவுக்கும்: கதவோட மேல கீழ ஓரத்துல கை துரப்பணத்தால 0.8 மிமீ ஓட்டை, ஃப்ரேம்லயும் அதே நேர்ல ஓட்டை, குண்டூசியை வெட்டி செருகிட்டா முடிஞ்சுது. கதவோட கீல் பக்க ஓரத்தை மட்டும் உருட்டி தேச்சுடணும், இல்லன்னா ஃப்ரேம்ல இடிக்கும். பசை வெளி முனையில ஒரு சொட்டுதான், ஊசி சுத்துற இடத்துல பட்டா கதவு பூட்டிக்கும். இதே முறைய 1:24 ஜன்னல் கதவுக்கு இப்ப முயற்சி பண்ணிட்டு இருக்கேன், பலகை 1.5 மிமீதான், ஓட்டை போடும்போதே பிளக்குது, ஓரத்துல ஒரு சொட்டு சூப்பர் க்ளூ ஊற விட்டு காஞ்சப்புறம் துளைச்சா பிளக்காம வருது. ஜன்னல் ஷீட்டை மாட்டுறதுக்கு முன்னாடியே இதைப் பண்ணிடுங்க, அந்தப் புகை விஷயம் இங்கயும் உண்டு.