புனலூர்ல பழைய போட்டோ சரி பண்ணி, புதுசாவும் எடுக்குற ஸ்டுடியோ

பழைய குடும்ப போட்டோ வச்சிருக்கவங்க, முக்கியமா சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்த நம்ம குடும்பங்க, கேரளாவுல புனலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மாடில இருக்க இந்த சின்ன ஸ்டுடியோவுக்கு ஒரு தடவ போங்க. நடத்துற தம்பியும் ரப்பர் எஸ்டேட்ல வளர்ந்த நம்ம பையன்தான்.

அம்மாகிட்ட இருக்குறது ஒரே ஒரு போட்டோ, பாஸ்போர்ட்டுக்காக சிலோன்ல ஹட்டன் டவுன்ல எடுத்தது. 1964ல சிலோன் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அங்க இருந்த இந்திய வம்சாவளி ஆளுங்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும்னு கையெழுத்து போட்டாங்கல்ல, அந்தக் கணக்குல தாத்தா குடும்பமும் வந்து, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் இறங்கி மண்டபம் கேம்ப்ல கெடந்து, அப்புறம் நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே 1976ல கவர்மெண்ட் ஆரம்பிச்ச ரப்பர் கம்பெனில வேலை கெடச்சு இங்க வந்து சேந்தாங்க. முன்னாடி வேற ஒரு கடைல இந்த போட்டோவ குடுத்தப்ப அதுல இருக்க அம்மாயிய, அதான் அம்மாவோட அம்மாவ, வெள்ளையாக்கி மூக்குத்திய அழிச்சு பின்னாடி நீல ஸ்கிரீன் போட்டுத் தந்தாங்க, அம்மா பாத்துட்டு இது யாருடின்னு கேட்டாங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு.

இந்தத் தம்பி அப்படி இல்ல. ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல பெருசாக்கி அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா கேட்டான். அம்மாயி இடுப்புல கறைன்னு நாங்க நெனச்சது சாவிக்கொத்தாம்! மூலைல பாதி சீல் மை இருக்கு, எடுக்கவான்னு கேட்டான், இருக்கட்டும் தம்பின்னுட்டாங்க அம்மா. மடிச்ச கோடு மட்டும் மூஞ்சில இருந்து போயிருக்கு, மத்தபடி தோல் நெறம், சீலை சுருக்கம் எல்லாம் அப்படியே.

அங்க பொறந்து சின்ன வயசுல இங்க வந்தவங்கள அவனே தனியா படம் எடுத்துட்டும் வரான். அம்மாவையும் கேட்டான். குவாட்டர்ஸ்க்கு வந்து கேமராவ வெளிய எடுக்காம ரொம்ப நேரம் பேசிக்கிட்டே இருந்தான். சிலோன்ல தோட்டத்து லைன் வீடான லயத்துல, இஸ்தோப்புல, அதான் முன் திண்ணைல, கம்பளி போத்திட்டு உக்காந்து கொழுந்து எடுக்கப் போன அம்மாயிக்குக் காத்திருந்தத அம்மா சொன்னாங்க, எங்ககிட்டகூட சொன்னதில்ல. அப்புறம் அதே மாதிரி வாசல்ல உக்காருங்கம்மான்னு சொல்லி எடுத்தான், பின்னாடி ரப்பர் மரமும் பால் கப்பும் தெரியுது. நம்ம ஆளுங்கள யாரு படம் எடுத்தாலும் பாவப்பட்ட மூஞ்சியாத்தான் வரும், இதுல அம்மா வீட்டுக்காரியா கம்பீரமா உக்காந்திருக்காங்க, எனக்கு இதுதான் பெருசு.

ரேட்டு கூடத்தான், சொன்ன தேதிக்கும் கெடைக்காது, ரெண்டு தடவ போன் அடிக்கணும். பிரேம் கண்ணாடி ரொம்ப பளபளக்குது, பளபளப்பு இல்லாத மேட் (matte) கண்ணாடியா கேட்டு வாங்குங்க. ஒரிஜினலையே எடுத்துட்டுப் போங்க, அவன் ஸ்கேன் பண்ணி அப்பவே கைல குடுத்துடுறான்.