ஒற்றையாள் நீர்மூழ்கிக்கு ஓர் ஒட்டுப்பலகை மாதிரி: உள்ளே இருந்து பார்த்த மதிப்பீடு

யாழ்ப்பாணத்துத் தச்சுப் பட்டறை ஒன்றில், ஒருவர் மட்டும் செல்லக்கூடிய சிறு நீர்மூழ்கியின் ஓட்டுநர் அறையை உண்மை அளவில் ஒட்டுப்பலகையால் செய்வித்தோம். கடலில் இறக்குவது நோக்கமல்ல. வடபகுதிக் கடலில் சொந்த நீர்மூழ்கியோடு இறங்குபவரை முதலில் வந்து விசாரிப்பது மீனாக இராது. வீட்டு முற்றத்தில் நீர்மூழ்கி கட்டும் ஆர்வலர்களின் வரைபடங்களில் உருக்குத் தகட்டின் தடிப்பும் மோட்டரின் வலுவும் நுணுக்கமாகக் கணிக்கப்பட்டிருக்க, ஓட்டுநர் மட்டும் மிஞ்சிய இடத்தில் ஒடுங்கி இருப்பதைக் கண்டதால், ஆளை முதலில் இருத்திப் பார்க்க வேண்டும் என்று விரும்பினோம். வழக்கமாக அலுமாரியும் கதவும் செய்கிற பட்டறை அது. ஆயினும் வளையங்களை வெட்டி நிறுத்தி, அவற்றின்மேல் மெல்லிய சட்டங்களை வள்ளத்துக்கு அறைவதுபோல் அறைந்து, 75 சென்ரிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயையும் அதன்மேல் தலை நுழையும் சிறு கோபுரத்தையும் பிசகில்லாமல் செய்து தந்தார்கள். கூலியும் நியாயமானது.

உள்ளே போன எவரும் முதலில் கேட்பது, குழாயை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினால் என்ன என்பதுதான். இரண்டரை மீற்றர் நீளக் குழாயின் விட்டத்தை 75 இலிருந்து 90 சென்ரிமீற்றராகக் கூட்டினால், அது விலக்கும் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 500 கிலோகிராம் கூடுகிறது. அவ்வளவு நிறையை ஈயமாகவோ இரும்பாகவோ ஏற்றாவிட்டால் கலம் மூழ்காது. விட்டம் கூடும்போது அதே ஆழத்துக்கு உருக்குத் தகட்டின் தடிப்பையும் கூட்ட வேண்டும். ஆகவே வசதியை இருக்கும் நிலையில் தேட வேண்டுமேயொழிய, இடத்தைப் பெருப்பித்துத் தேட முடியாது.

தலையை முன்னுக்கு நீட்டிக் குப்புறப் படுக்கும் நிலையை முதலில் பரிசோதித்தோம். கிரஹாம் ஹோக்ஸ் வடிவமைத்த டீப் ஃபிளைட் 1 கலத்தில் ஓட்டுநர் குப்புறப் படுத்தே செலுத்தினார். சிறகுகளால் நீரில் பறக்கும் அந்தக் கலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். முகம் சாளரத்தோடு ஒட்டி வருவதால் பார்வைக்கு இதைவிட நல்ல நிலை கிடையாது. தட்டையான அக்கிரிலிக் சாளரத்தில், ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், வெளியே தெரியும் பரப்பு நாம் எதிர்பார்ப்பதிலும் ஒடுங்கிப்போகிறது. 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சாளரத்துக்கு அதே அளவு தள்ளிக் கண் இருந்தால், நீருக்குள் 40 பாகைக்குச் சற்றுக் குறைந்த கோணமே தெரியும். கண்ணை 10 சென்ரிமீற்றருக்குக் கொண்டு வந்தால் அது ஏறத்தாழ 64 பாகையாகிறது. ஆனால் குப்புறக் கிடந்தபடி தலையை நிமிர்த்தி வைத்திருப்பது சிறிது நேரத்திலேயே கழுத்தை உளைய வைத்துவிட்டது. நெஞ்சு அழுந்துவதால் மூச்சும் நிறைவாக வரவில்லை. மெதுவாக ஊர்ந்து நின்று பார்க்கிற சிறு கலத்துக்கு இந்த நிலையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பட்டறைத் தச்சனார் இதற்கு நேர்மாறான நிலையை விரும்பினார். “தம்பி, சாய்மனைக் கதிரை மாதிரிச் சாய்ச்சு விடுவம், முதுகு சொகமா இருக்கும்” என்று சொல்லி, முதுகுப் பலகைக்குப் பல்வெட்டுகளோடு கூடிய தாங்கியும் செய்து வைத்தார். முதுகைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் கால் முன்னே நீண்டுவிடுவதால் முன்சாளரம் பாதங்களுக்கு அப்பால் போய்விடுகிறது. ஒரு மீற்றருக்கு மேல் தள்ளியுள்ள அந்த வட்டத்தால் பார்ப்பதும் பாராமல் விடுவதும் ஒன்றுதான்.

எஞ்சியது நிமிர்ந்திருக்கும் நிலை. 1776 இல் நியூயோர்க் துறைமுகத்தில் எஸ்ரா லீ செலுத்திய டேவிட் புஷ்னலின் ‘ரேர்ட்டில்’ என்ற ஒற்றையாள் நீர்மூழ்கியிலேயே ஓட்டுநர் குறுக்குப் பலகையில் நிமிர்ந்துதான் இருந்தார். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜோர்ஜ் கிற்றெட்ஜ், 250 அடி ஆழத்துக்கென வடிவமைத்த கே-250 ஒற்றையாள் கலத்திலும் தலை கோபுரத்துக்குள் வருகிறது. எங்கள் மாதிரியில் கோபுரச் சாளரங்கள் கண்ணுக்கு அருகே நான்கு பக்கமும் அமைந்தன. முதுகை 15 பாகையளவு மட்டும் சாய்த்து, குதிக்கால் பதிய ஒரு சட்டம் அறைந்ததும், ஒரு மணித்தியாலம் இருக்க முடிந்தது. கால் முன்பின் நகர இடமில்லாவிட்டால் இதுவும் மரத்துப்போகும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனிக் குறைகள். மெத்தை வேலையைப் பட்டறை வேறொரு கடைக்குக் கொடுத்திருந்தது. அங்கே தடித்த ஸ்பொஞ்சு வைத்து ரெக்சினால் மூடி அனுப்பிவிட்டார்கள். முச்சக்கர வண்டிக்கு அது போதும். மூடிய அறைக்குப் போதாது. சும்மா இருக்கும் ஆளே 100 வாற்றளவு வெப்பத்தை வெளிவிடுகிறார். குளிர்ந்த கடலில் உருக்குச் சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும், மிஞ்சுவது சுவரில் வழியும் நீர்த்துளிகள்தான். எங்கள் கடலோ 28 பாகை செல்சியசை ஒட்டியே இருப்பதால், ஈரம் நிறைந்த உட்காற்றில் வியர்வை உலராது. ரெக்சின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அத்தோடு ஸ்பொஞ்சு தீப்பற்றினால் வரும் நச்சுப்புகைக்கு அங்கே போக வழியில்லை. ஒரு கனமீற்றர் காற்றுள்ள அறையில், அமைதியாக இருப்பவரின் மூச்சே ஒரு மணித்தியாலத்தில் காபனீரொட்சைட்டை ஏறத்தாழ 1.8 வீதம் உயர்த்திவிடும். ஆகவே அதை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்புப் பெட்டியும் சிறு விசிறியும் கட்டாயம் வேண்டும்; அவற்றுக்கு இருக்கையின் கீழ் ஒதுக்கிய இடத்தையும் அந்த மெத்தை விழுங்கிவிட்டது.

பல்வெட்டுத் தாங்கியைப் பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. ஓய்வெடுக்க இன்னொரு பல்லுக்குச் சாயும்போது 70 கிலோகிராம் ஆளின் நிறைமையம் 20 சென்ரிமீற்றர் பின்னுக்குப் போனால், இரண்டு தொன் நிறையும், நீர் தாங்கும் மிதப்பு மையத்துக்கும் கலத்தின் நிறைமையத்துக்கும் இடையே 10 சென்ரிமீற்றர் இடைவெளியும் உள்ள கலம் ஏறத்தாழ 4 பாகை மூக்கை உயர்த்தும். இது ஆபத்தன்று, ஆனால் அடித்தரைக்கு அருகே நின்று பார்க்கும்போது எரிச்சலூட்டும். இதற்கு ஈடாக ஓட்டுநர் கையால் நகர்த்தக்கூடிய ஒரு நிறை வேண்டும்.

பட்டறையிடம் நாங்கள் கேட்டிருப்பவை இவை: ரெக்சினைக் கழற்றிவிட்டு அலுமினியச் சட்டத்தில் வலைக்கயிற்றைப் பின்னித் தருவது, கோபுரத்தின் உள்விளிம்பில் நெற்றி இடிக்கும் இடத்தை உருட்டிவிடுவது, வெளியேறும்போது காலை ஊன்றுவதற்குக் குழாயின் இரு பக்கமும் படி வைப்பது. மூன்றாவதுதான் அவசரமானது, இப்போதுள்ள அமைப்பில் முழங்கால் சுக்கான் பிடியில் மாட்டிக்கொள்வதால், உயரமான ஒருவருக்கு வெளியே வர இன்னொருவரின் கை தேவைப்படுகிறது.