டேலில்லி என்று 2,850 ரூபாய் வாங்கிக்கொண்டு ரெயின் லில்லியை அனுப்பினான்

பெங்களூருவில் பால்கனியிலும் மாடியிலும் செடி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போடுங்கள். இன்று காலைதான் அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்தான். என் 2,850 ரூபாய் போச்சு.

எங்கள் அல்சூர் வீட்டு பால்கனி சின்னது. ஓரடி உயரத்தோடு நின்று, விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும் ஸ்டெல்லா டி ஓரோ டேலில்லிதான் அதற்குச் சரிப்படும் என்று தேடினேன். 1975-இல் வந்த ரகம், தங்க மஞ்சள். ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும், ஆனால் அடுத்தடுத்த மொட்டு விரிந்துகொண்டே போகும். போட்டோ போட்டு போனில் ஆர்டர் எடுக்கும் ஒரு ஆன்லைன் செடிக்கடையில் அது இருந்தது. செடி 450, ஆறு செடி, கூரியர் 150.

பாதிப் பணம் இப்போது, மீதி செடி வந்ததும் என்றுதான் சொன்னேன். "அக்கா, நீங்க தர்மபுரியா? எங்கம்மா ஊரு பாலக்கோடு. உங்களையா ஏமாத்துவேன்?" என்றான். 19 வருஷமாக இந்த ஊரில் கன்னடத்திலும் இந்தியிலும் பேரம் பேசுகிறவள் நான். நம்ம பக்கத்துப் பேச்சில் ஒருவன் அக்கா என்றதும் மனசு இளகிவிட்டது. அந்த நிமிஷமே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

பார்சலில் நியூஸ் பேப்பரில் சுற்றி ஆறு கிழங்கு. சின்ன வெங்காய அளவு, பழுப்புத் தோல், உள்ளே அடுக்கடுக்காக இதழ். டேலில்லிக்கு அப்படிக் கிழங்கே கிடையாது. தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி சதைப்பற்றான வேர்க்கொத்தும், மேலே விசிறியாக விரிந்த இலையும்தான் இருக்கும். அன்றே போட்டோ அனுப்பிக் கேட்டேன். "இளசுக்கா, நட்டுப் பாருங்க." நட்டேன். புல் மாதிரி மெல்லிசாக இலை வந்தது. "உங்க மண்ணு சரியில்லக்கா." போன வாரம் நல்ல மழை. மூன்றாம் நாள் ரோஸ் நிறத்தில் ஒரு பூ. எங்கள் அபார்ட்மெண்ட் கேட் ஓரம் புல்லோடு புல்லாகக் கிடக்கும் அதே ரெயின் லில்லி! "கூரியர்ல மாறியிருக்கும் மேடம்." அக்கா போய் மேடம் வந்துவிட்டது. 2,850 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "ஓனர்கிட்ட சொல்றேன்." அதுவரை அவன்தான் ஓனர். நாலு நாள் இழுத்தான், இன்று பிளாக்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் கேளுங்கள். செடியை வேரோடு வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். டேலில்லி பல்ப், அதாவது வெங்காயம் மாதிரிக் கிழங்கு, என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். நீல டேலில்லி போட்டோ போட்டிருந்தால் அந்தக் கடையே பொய், அசல் நீலம் அந்தச் செடியில் கிடையாது. இந்தக் கடையிலும் இருந்தது, பார்த்தும் விட்டுவிட்டேன். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள். முடிந்தால் லால்பாக் பக்கத்து நர்சரிகளில் நேரில் போய்ப் பாருங்கள். சந்தேகம் வந்த அன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். நான் இரண்டு மாதம் கழித்து, இன்றைக்குத்தான் போட்டேன்.