பொதுச் சர்வரில் வேண்டாத புரோகிராம்கள்: நிறுத்துவதா, வேரை எடுப்பதா, தடுப்பதா?

ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் நண்டும் கணவாயும் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே விண்டோஸ் சர்வர். கணக்கு பார்ப்பவர், எடை பதிபவர், ஏற்றுமதிப் பத்திரம் தயாரிப்பவர் என எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது தங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து, அதில்தான் வேலை செய்கிறார்கள். ஒருவருக்காகப் போட்ட பிரிண்டர் அப்டேட்டர் எல்லோருடைய லாகினிலும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். படகுகள் கரைசேர்ந்து எடை ஏறும் காலை நேரத்தில் சர்வர் திணறுவது இதனால்தான்.

பலர் முதலில் போவது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜருக்கு. எண்ட் டாஸ்க் கொடுத்தால் அந்த நிமிடத்துக்கு நிம்மதி. ஆனால் அடுத்த லாகினில் அது திரும்ப வந்து நிற்கும். பொதுச் சர்வரில் ஆபத்தும் உண்டு: அட்மின் நிறுத்துவது அடுத்தவர் சேமிக்காத பில்லாக இருக்கலாம். அதனால் யூசர்ஸ் பகுதியில் யார் எவ்வளவு மெமரி பிடிக்கிறார்கள் என்று பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே இன்னொன்றும் தெரியும். ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போனவர்களின் வேலை முடிவதில்லை. டிஸ்கனெக்ட் ஆகிறது, அவ்வளவுதான். திறந்திருந்தது எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் விதிகள் வைக்கும் இடமான குரூப் பாலிசியில், டிஸ்கனெக்ட் ஆகி இவ்வளவு நேரமானால் எல்லாவற்றையும் மூடிவிடு என்று நேர வரம்பு வைக்கலாம். ஐந்து நிமிடம் வேண்டவே வேண்டாம். கரையோரத்தில் கரண்டோ நெட்டோ போய்விட்டால் திரும்பி வருவதற்குள் பாதி வேலை அழிந்துவிடும். இரண்டு மணி நேரம் நியாயம்.

வேரை எடுக்க ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்ட் 2006-இல் வாங்கிய சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது, இலவசம். லாகினில் கிளம்புபவை, பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள், நேரம் குறித்து ஓடும் டாஸ்க்குகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டும். அட்மினாகத் திறந்து, மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். மஞ்சள் நிறத்தில் இருந்தால் அந்தக் கோப்பே இல்லை என்று அர்த்தம். யூசர் மெனுவில் மற்றவர்களின் கணக்குகளையும் மாற்றிப் பாருங்கள். பொதுச் சர்வரில் பாதிக் குப்பை அங்கேதான் ஒளிந்திருக்கும். டெலிட் செய்யாமல் டிக்கை மட்டும் எடுங்கள். ஏதாவது நின்றுபோனால் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம். சொந்தமாக கம்ப்யூட்டர் ஆள் இல்லாத அலுவலகத்துக்கு இதுவும் அந்த நேர வரம்புமே போதும் என்பேன்.

வேகமாக்கித் தருகிறோம் என்று வரும் கிளீனர் மென்பொருள்களைச் சர்வரில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அதுவும் பின்னால் ஓடும் இன்னொரு புரோகிராம்தான்.

தடுப்பதற்கு ஆப்லாக்கர். எந்தப் புரோகிராம் ஓடலாம் என்று விதி வைக்கும் விண்டோஸ் வசதி இது. அதன் வழக்கமான விதிகளைப் போட்டால், விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களில் இருப்பவை மட்டுமே சாதாரண யூசருக்கு ஓடும். தங்கள் கணக்குக்குள் யாரும் எதையும் இறக்கி ஓட்ட முடியாது. மூன்றில் மிக உறுதியானது இதுதான், ஆனால் கண்டிப்பும் அதிகம்: டிஜிட்டல் கையெழுத்துக்கான சிறு புரோகிராம் தவறான ஃபோல்டரில் இருந்தால் அதுவும் நின்றுவிடும், அனுப்ப வேண்டிய பத்திரமும் நிற்கும். ஆகவே முதலில் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஆடிட் முறையில் வையுங்கள். அதைக் கடல்தொழில் சூடாக நடக்கும் மாதங்களில் செய்தால்தான் எல்லாப் புரோகிராமும் பதிவில் விழும். தடையை நிஜமாக இயக்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தோது. ஏதாவது முரண்டினாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.