ஈறுகளை அளக்காமல் பல்லை எடுக்கச் சொன்னால் முன்பணம் கட்டாதீர்கள்

நான்கு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு பல் கிளினிக்கில் எனக்குச் சொன்னார்கள். அதில் மூன்று பற்கள் இன்றும் என் வாயில்தான் இருக்கின்றன, அவற்றால்தான் மென்று சாப்பிடுகிறேன். கிளினிக்கின் பெயரைப் போடப் போவதில்லை. இதே வியாபாரம் வேறு பெயர்களிலும் நடக்கும், எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பல வருடமாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று போகும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். "அழுத்தித் தேய்க்கிறீங்க, மெதுவா தேய்ங்க, வயசானா அப்படித்தான்" என்பார்கள். மேலோட்டமாக ஒரு கிளீனிங், கையில் ஒரு பேஸ்ட், ஒரு மவுத்வாஷ், ஈறு வீங்கிப் போனால் ஆன்டிபயாடிக். அப்புறம் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் கண்ணாடியை வைத்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எலும்பே இல்ல, நாலும் ஆடுது, எடுத்திடலாம்" என்றார். அவர் எழுந்து போனதும், டாக்டர் அல்லாத ஒருவர் வந்து உட்கார்ந்து, இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி, நாளைக்குக் கிடையாது என்று ஆரம்பித்தார். வாய்க்குள் இருக்கும் பல்லுக்கு இன்று மாலைக்குள் முடியும் தள்ளுபடி எதற்கு என்று அப்போதே உறுத்தியது, ஆனாலும் பயமுறுத்திய வேகத்தில் ஒரு தொகையைக் கட்ட வைத்துவிட்டார்கள்.

வீட்டில் வற்புறுத்தியதால் ஈறு நோய்க்கென்றே படித்த சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் போனேன். பீரியோடான்டிஸ்ட் என்பார்கள். அவர் முதலில் கையில் எடுத்தது மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய, முனை மழுங்கிய ஒரு கம்பி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் வீதம் ஆழத்தைச் சொல்லிக்கொண்டே போக, உதவியாளர் எழுதிக்கொண்டார். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். 4 அல்லது அதற்கு மேல் போய், தொட்டதும் ரத்தமும் கசிந்தால் அங்கே பல்லை விட்டு ஈறு பிரிந்து பை போலாகியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். 6 அல்லது அதற்கு மேல் என்றால் ஆழமான பை. எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்கத் தனித்தனிப் பற்களுக்குச் சின்ன எக்ஸ்ரேயும் எடுத்தார். இத்தனை வருடத்தில் பழைய கிளினிக்கில் அந்தக் கம்பியை என் வாயில் யாரும் வைத்ததே இல்லை. அளக்காமல் "எலும்பே இல்ல" என்று எப்படிச் சொன்னார்கள்?

ரத்தக் கசிவுக்கு வயதைக் காரணம் சொல்வது முதல் பொய். 1965-லேயே டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளர், ஈறு நன்றாக இருந்த இளைஞர்களைப் பல் தேய்க்காமல் நிறுத்திப் பார்த்தார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது, திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. காரணம் பல்லின் மேல் படியும் கிருமிப் படலம். அதை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாதுக்கள் சேர்ந்து காறையாக இறுகிவிடும், அப்புறம் எந்த பிரஷ்ஷாலும் அது வராது. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் முழுதாகக் குணமாகும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது, ஆனால் மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம். "ஒண்ணுமில்ல" என்று அவர்கள் என்னை அனுப்பிக்கொண்டிருந்தது இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில்தான், அதனால்தான் எனக்குக் கோபம்.

வலி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது, இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. தேய்க்கும்போது ரத்தம், போகாத வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, பல்லுக்கு நடுவில் புதிதாக இடைவெளி, அழுத்தினால் சீழ், கடிக்கும்போது பல் முன்பு மாதிரி பொருந்தாமல் போவது, இவைதான் அடையாளம். புகை பிடிப்பவர்களுக்கு ரத்தமே அதிகம் வராது, புகை அதை அடக்கி வைத்துவிடும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு மோசமாகும், ஈறு மோசமாக இருந்தால் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்காது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின் மாதிரி சில மாத்திரைகளால் ஈறு தடித்து வளரவும் கூடும் (அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்).

சரி, சிகிச்சை என்ன? மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர் மேல் ஒட்டியிருக்கும் காறையையும் படலத்தையும் சுரண்டி எடுப்பதுதான் அடிப்படை. பழைய கிளினிக்கில் செய்தது ஈறுக்கு மேலே தெரியும் இடத்தில் மட்டும், ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்த கதை. ஈறுக்குக் கீழே சுரண்டிய பிறகு சில வாரங்கள் பல் கூசும், வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதால் சந்துகள் பெரிதாகத் தெரியும். கிளீன் செய்தால் பல் ஆடிப்போகும் என்று ஊரில் சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அழற்சி குறைந்ததும் என் பற்களின் ஆட்டம் குறைந்தது. இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்து, ஆழம் குறையாத இடத்துக்கு மட்டும் அடுத்து என்ன, ஒருவேளை அறுவை சிகிச்சையா என்று யோசிப்பார்கள். எனக்கு ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, அதை எடுத்தார்கள். ஏன் என்று எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கிவிட்டு எடுத்தார்கள்.

ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து அனுப்புவது சிகிச்சையே இல்லை, ஒட்டியிருக்கும் படலத்தை மாத்திரை பெயர்க்காது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷைக் கொஞ்ச நாளைக்குத் தருவார்கள், மாதக்கணக்கில் ஊற்றினால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். லேசர் என்று கூடுதல் பில் போட்டால் என்ன லாபம் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேர் சுத்தம் செய்வதோடு லேசரைச் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. இம்ப்ளாண்ட் வைத்துவிட்டால் ஈறு நோய் தீர்ந்தது என்பது அடுத்த கதை. இம்ப்ளாண்டைச் சுற்றியும் இதே மாதிரி அழற்சி வந்து எலும்பு கரையலாம், ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். நோயை அடக்காமல் நாலு இம்ப்ளாண்ட் வைத்திருந்தால் அதுவும் ஆடியிருக்கலாம், அதற்கும் ஒரு பில் வந்திருக்கும்.

எங்கே போனாலும் ஈறு அளந்த அட்டவணையையும் எக்ஸ்ரேயையும் பிரதி கேளுங்கள். எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர், எடுக்காமல் வைத்தால் என்ன ஆகும், சுத்தம் செய்தபின் எப்போது திரும்ப அளப்பீர்கள் என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் மட்டும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

முன்பணத்தை எழுத்தில் திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் வந்தது, மீதியைச் சிகிச்சைத் திட்டமிடல் கட்டணம் என்று பிடித்துக்கொண்டு ஒரு ரசீது அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பல்லைக்கூட அளக்காமல் எதைத் திட்டமிட்டீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.